மேஸ்திரி உடைத்த பல்

என் முன்பல் ஒன்று பாதியில் உடைந்திருக்கிறது. ஆம்பூரில் பல் டாக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூடி போட்டுவிடலாம் என்கிறார். வேண்டாம் என்று சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அந்த ஓட்டைக்கு ஒரு வேலை இருக்கிறது.

உடைத்தவர் நாங்கள் தோல் பதனிடும் டேனரியின் மேஸ்திரி. தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிகள் அவர் பொறுப்பு. அவருக்கு வாய் முந்துமா கை முந்துமா என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம், பெரும்பாலும் கைதான். ஒருமுறை சுண்ணாம்புத் தண்ணீர் என் கண்ணில் தெறித்தது. பிடரிமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் தலையை அமுக்கினார். கண்ணை மூடியபோதெல்லாம் முதுகில் ஒரு குத்து. "தொறடா! கண்ணு எரிஞ்சா தண்ணிதான். வேற வைத்தியம் கெடையாது!" அன்று வாங்கிய அடியால்தான் இன்று இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன்.

பிறகு சர்க்கரை நோய் அவருடைய இடது கண்ணைத் தின்றது. வலது கண்ணும் மங்கியது. மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போடாவிட்டால் இதுவும் போய்விடும் என்றார் வேலூர் டாக்டர். "என்னை இன்னா தோலுன்னு நெனச்சானா, குத்தித் தைக்க?" என்று மேஸ்திரி வைதார். பிள்ளைகள் இல்லாத மனிதர், நான்தான் கூட்டிப்போனேன். மரத்துப்போகும் மருந்து விட்டிருந்ததால் ஊசி வலிக்கவில்லை. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும் மருந்து தெளிந்தது, சிரிப்பு நின்றது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டூலை உதைத்தார். குடத்தைச் சுவரில் எறிந்தார். "மொளகாப்பொடி அப்பிட்டானுங்கடா!" என்று அலறியபடி பின்பக்கக் குழாயைத் தேடி ஓடினார். முப்பது வருஷப் பழக்கம் அது. ஆனால் ஊசி போட்ட கண்ணில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது, கிருமி உள்ளே போனால் பார்வையே போய்விடும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். என் கையைக் கடித்தார். துவைக்கிற கல்லில் இருவரும் விழுந்தோம்.

"கண்ணு போய்டும் மேஸ்திரி!"

"போவட்டும், உடுடா!"

ஒரு குத்து விழுந்தது. என் வாயெல்லாம் ரத்தம். என்னை உதறிவிட்டுக் குழாயைத் திருகினார். வெறும் காற்றுதான் வந்தது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மாடியேறி டேங்க் வால்வை மூடியிருந்தார். மேஸ்திரி அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் முதலில் கேட்டது, பார்வை இன்னும் மங்குகிறதா, வலி ஏறிக்கொண்டே போகிறதா என்று. இல்லை என்றதும் சொன்னார்: "எரியறது ஊசி இல்லீங்க. கிருமி சாவறதுக்கு முதல்ல ஊத்தற பழுப்பு மருந்து கண்ணு மேல தங்கிடுச்சு. நாங்க குடுத்த கண்ணீர்ச் சொட்டு விடுங்க. மூடின கண்ணு மேல சுத்தமான துணிய ஜில்லுனு வைங்க. தேய்க்கவே கூடாது. காலையில கம்மியாய்டும். ஜாஸ்தியாச்சுன்னா உடனே கூட்டி வாங்க." அக்கா அப்படியே செய்தார். விடிந்தபோது எரிச்சல் அடங்கியிருந்தது.

அடுத்த மாதம் மேஸ்திரி ஊசி அறையின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார். நடந்ததையெல்லாம் நர்ஸிடம் சொன்னேன். "இப்படி எரியுதுன்னு முன்னாடியே சொன்னாதானே எங்களுக்குத் தெரியும்?" என்று கடிந்துகொண்டவர், ஊசி முடிந்ததும் சுத்தமான உப்புநீரை ஊற்றி ஊற்றிப் பழுப்பு மருந்து முழுக்கப் போகும்வரை கழுவினார். அன்று மேஸ்திரி ஆம்பூர் வரை வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். இறங்கியதும், "தண்ணிதான் வைத்தியம்னு நான் அப்பவே சொல்லல?" என்று என்னையே அதட்டினார்.

நாலாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மங்கியிருந்த வலது கண் கொஞ்சம் தெளிந்திருந்தது, என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"இன்னாடா, பல்லு ஒடஞ்சிருக்கு? எவன் அடிச்சான்? சொல்லு, அந்தக் கைய ஒடிக்கிறேன்."

நான் டீ டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டேன். அக்காதான் சொன்னார்: "அந்தக் கை உங்க தோள்லதான் தொங்குது. ஒடிங்க."

மேஸ்திரி தன் வலது கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இப்போதும் ஊசி போட்ட மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நிற்கிறார். "வாயத் தொற" என்கிறார். திறக்கிறேன். ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்க்கிறார்.

"தெரியுதுடா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.