கோழிமுட்டை எவ்வளவு பெரிது?

செஞ்சிக் கடைவீதியில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்த வாசுபூஜ்யனின் மனைவி சந்தனாவுக்கு, மனதில் எழுந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. ராஜகிரிக் கோட்டைமலை மேல் அத்தனை பாறைகள் உட்கார்ந்திருக்கின்றனவே, உருண்டு வந்துவிடாதா என்று கல்யாணமாகி வந்த வாரமே மாமனாரிடம் கேட்டவள்.

அறுபத்து நாலாம் வருஷம், அவளுக்கு முப்பத்தைந்து வயது. அடிவயிற்றில் வலி என்று திண்டிவனத்து லேடி டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சினைப்பையில நீர்க்கட்டி இருக்குதும்மா. கோழிமுட்டை அளவு. மூணு மாசம் பாப்போம், தானா வத்திடலாம். பெருசாச்சுன்னா மெட்ராசுல ஆபரேஷன்."

ஆபரேஷன் என்றதுமே சந்தனாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிரோடு பஸ் ஏறியபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. கோழிமுட்டை எவ்வளவு பெரிது? அவர்கள் ஜைனர்கள். சந்தையில் முட்டைக் கூடையைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு நடக்கிற குடும்பம். ஒரு தடவையாவது ஒழுங்காய்ப் பார்த்து வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

கணவரைக் கேட்டாள். மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்கிற மனிதர், ரொம்ப யோசித்து விளாம்பழ அளவுக்குக் கையைக் குவித்தார்.

"கோழி அவ்ளோ பெருசா இருக்குதே, முட்டை இவ்ளோவாவது இருக்காதா?"

நியாயமான கணக்குத்தான். சந்தனா சமையலறையில் ஒரு விளாம்பழத்தை எடுத்து வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தாள். பயத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள், மண்டியில் வேர்க்கடலை உடைக்க வரும் பவுனம்மாளைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டாள்.

"பவுனு, உன் கோழி முட்டை ஒண்ணு கொண்டாந்து காட்டுவியா?"

பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்களுக்கா? ஐயாவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது?"

"தின்னறதுக்கா கேக்கறேன்? பாக்கத்தான்." பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் முந்தானையில் முடிந்து முட்டை வந்தது. சந்தனா உள்ளங்கையில் வாங்கினாள். வெதுவெதுப்பாக இருந்தது. விளாம்பழத்தில் பாதிகூட இல்லை.

"இவ்ளோதானா?" போன உயிர் திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். வம்பை விலைக்கு வாங்கினாள். "இதை ஆக்கிடாதே பவுனு. என் கை பட்டுடுச்சு, பாவம் வந்து சேரும். அடைக்கு வெச்சிடு."

மூன்று வாரம் கழித்து பவுனம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "உங்க முட்டை பொரிச்சிடுச்சிம்மா. ஒரே ஓட்டமா ஓடுது."

சந்தனாவின் கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று. ஒரே அளவில் இருந்த இரண்டில் ஒன்று வளர்கிறது. அப்படியானால் உள்ளே இருப்பது? அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, பயம் கேட்கவில்லை. இறகு முளைத்தது, கூரைமேல் ஏறியது என்று பவுனம்மாள் ஆரம்பித்தாலே வேறு பேச்சுக்குத் தாவினாள். ஊரையே விசாரிக்கிறவள் அந்தக் குஞ்சை மட்டும் விசாரிக்கவே இல்லை.

மூன்றாம் மாதம் மறுபடி திண்டிவனம் போனாள். டாக்டர் சொல்லப்போகிற அளவு இந்த முறையாவது புரிய வேண்டும் என்று எலுமிச்சை, நெல்லிக்காய், களாக்காய் எல்லாவற்றையும் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள். டாக்டரம்மா வெகுநேரம் அழுத்திப் பார்த்தார்.

"கைக்கு ஒண்ணுமே அகப்படலியேம்மா. வத்திப்போச்சு. நிம்மதியா போய்ட்டு வா."

சந்தனாவுக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போனது அன்றைக்குத்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் செஞ்சி வரைக்கும் அழுதாள்.

மண்டியில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா சொன்னாங்க?"

சந்தனா அவள் பக்கத்தில், தொலி குவிந்து கிடந்த தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பவுனு, அந்தக் குஞ்சு இப்ப எவ்ளோ பெருசா இருக்குது?"