அண்ணிக்கு இழுத்த வயர்

எங்கள் தெருவில் ஃபியூஸ் அண்ணன் கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அவர் சொந்தப் பெயரைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை செய்கிறவர். பக்கத்துக் கடையில் சீட் கவர் தைக்கிறவன் நான். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அதனால் வாடிக்கையாளர்களோடு அவர் போடுகிற சண்டை ஒன்றுவிடாமல் என் காதில் விழும்.

சண்டை எப்போதும் ஒன்றேதான். யாராவது புதுக் காரோடு வந்து, "இந்த ஹாரன மட்டும் சட்டுனு மாட்டிக் குடுங்க" என்பார்கள். அண்ணனிடம் சட்டென்று எதுவும் நடக்காது. பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் வேண்டும். தகட்டைத் துளைத்து வயர் போகிற இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும்.

"வயர் எங்கயாவது உரசி இரும்புல பட்டா, முதல்ல ஃபியூஸ்தான் போகணும். அது இல்லேன்னா வயர் எரியும், அப்புறம் வண்டி, அப்புறம் நீங்க" என்று விரல் மடக்குவார்.

அவசரக்காரர்கள் வேறு கடை தேடிப் போய்விடுவார்கள். இவரோ கால்மேல் கால் போட்டுக்கொண்டு டீ குடிப்பார். வேலையும் சுத்தம், தலைக்கனத்துக்கும் குறைச்சல் இல்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன மாதம் ஃபியூஸே இல்லாமல் ஒரு வயர் இழுக்கப் பார்த்தார். அதுவும் சொந்தக் காரில், சொந்தப் பெண்டாட்டிக்கு.

அண்ணிக்கு நுரையீரல் பழுது. மூக்கில் எந்நேரமும் குழாய். அதன் மறுமுனையில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற ஒரு மெஷின், கைப்பெட்டி அளவில். அதற்குள் இருக்கிற பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஆகவே சுவரில் பிளக் இருக்கிற வரைக்கும்தான் அண்ணியின் உலகம். அவருடைய அக்காவோ அரை நாள் பயண தூரத்தில், முட்டி தேய்ந்து பஸ் ஏற முடியாமல் இருக்கிறார். இரண்டு பேரும் போனில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள்.

"ஒரு தடவையாவது அவளத் தொட்டுப் பேசணும்" என்று அண்ணி ஒரு நாள் சொல்லிவிட்டார். மெஷின் நிற்காமல் ஓடினால் தாராளமாகப் போகலாம் என்று டாக்டரும் தலையாட்டினார்.

காரில் இருந்த சாக்கெட் போனுக்கு சார்ஜ் போடத்தான் லாயக்கு என்று, அண்ணன் கார் பேட்டரியிலிருந்து பின் சீட்டுக்குத் தடித்த வயர் ஒன்றைத் தனியாக இழுத்தார். மெஷின் ஆடாமல் உட்கார நான் ஓர் உறை தைத்துக் கொண்டுபோனேன். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் ஃபியூஸைக் காணோம்.

"என்னண்ணே, ஃபியூஸ் எங்க?"

"நடுவழியில போயிடுச்சுன்னா? மெஷின் நின்னுடும்ல?"

அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நேராக அவர் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன்.

அண்ணிக்கு மூச்சுதான் குறைவு, வாய் குறைவில்லை. அண்ணனை வரவழைத்துப் பிடித்துக்கொண்டார். "ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் ஃபியூஸு, பொண்டாட்டிக்கு மட்டும் கிடையாதா? என்னக் கொளுத்திடலாம்னு பாக்கறீங்களா?"

"நின்னுட்டா என்னடி பண்றது?"

"நின்னா இன்னொண்ணு இருக்கிற மாதிரி பண்ணுங்க. இதையும் நானா சொல்லித் தரணும்?"

அண்ணன் திரும்பக் காருக்குப் போனார். காரின் இரண்டு பக்கமும் தனித்தனி வயர், தனித்தனி ஃபியூஸ், தனித்தனி சாக்கெட் என்று முடித்தார்.

கிளம்பினோம். ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் அண்ணியோடு உட்கார்ந்தார். மெஷின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பாதி தூரத்தில் அண்ணிக்குக் கால் மரத்துப்போக, இடம் விடுகிறேன் என்று காலியாக இருந்த முன் சீட்டைத் தானே பிடித்து முன்னால் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் மெஷின் கீகீ என்று கத்தியது. கரண்ட் வரவில்லை.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது, கை மட்டும் தன் வேலையைச் செய்தது. பிளக்கைப் பிடுங்கி மறு பக்கத்து சாக்கெட்டில் செருகினார். கத்தல் நின்றது. என்னை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, முன் சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். சீட் நகர்கிற இரும்புத் தடத்தில் வயர் மாட்டி, தோல் கிழிந்து, செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடுகூட இல்லை. அதற்கு முன்பே ஃபியூஸ் போய்விட்டிருந்தது.

அண்ணன் அப்படியே சாலையோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது மட்டும் இல்லாம இருந்திருந்தா, இவ காலுக்குக் கீழயே..." என்றார். கண் கலங்கிவிட்டது. நெருப்புப் பிடித்திருந்தால் பக்கத்திலேயே ஆக்சிஜன் வேறு.

அண்ணி கதவு வழியாகக் கையை நீட்டி அவர் தலைமுடியைக் கலைத்தார். "அதான் போட்டாச்சுல்ல. எந்திரிங்க. எங்கக்கா வாசல்லயே நின்னுட்டிருப்பா, முட்டி வலிக்காரி."

எழுந்தார். நசுங்கிய இடத்தை வெட்டி எடுத்து, ஒட்டுப் போட்டு, தடத்தை விட்டுத் தள்ளிக் கட்டி, புது ஃபியூஸ் செருகினார்.

அண்ணி சொன்னது போலவே அந்த அம்மாள் வாசலில்தான் நின்றிருந்தார். கார் நின்றதும் நிற்காததுமாக நொண்டிக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு தேம்பினார்கள், விடுவதாக இல்லை. நடுவில் குழாய் நசுங்கிவிடாமல், அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி ஃபியூஸ் அண்ணன் பக்கத்தில் நின்றார்.