'எங்களைப் பற்றி' பக்கத்தில் சிரிப்பவள்

என் அக்காவின் கணவருக்குக் கர்ட்டன் கடை. எதையாவது இலவசமாகக் கொடுத்தால் அதில் வில்லங்கம் இருக்கிறது என்று நம்புகிறவர் அவர். கடைக்கு வெப்சைட் அமைத்துத் தருகிறேன், அதற்கான மென்பொருளைப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"சும்மா குடுக்க அவனுங்களுக்கு என்ன கிறுக்கா?" என்றார் மாமா.

ஆனாலும் ஒப்புக்கொண்டார். சும்மா உழைக்கிறவர்கள் அவருக்கு ஒன்றும் புதிதில்லை, அக்காவோடுதானே குடும்பம் நடத்துகிறார். அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, சண்டைக்கு வருகிறவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவள். இவர் கல்லாவில் உட்காருவார். கேட்டால் அதுதான் பெரிய தலைவலி என்பார்.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, படம் சேர்ப்பது எப்படி, பக்கம் எழுதுவது எப்படி என்று மாமாவுக்குக் காட்ட ஆரம்பித்தேன். கொட்டாவி விட்டார். "உங்கக்காகிட்ட சொல்லிக்குடு" என்று எழுந்து போய்விட்டார். அக்கா தையல் மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு துணியையும் ஜன்னலில் தொங்கவிட்டுப் படமெடுத்து ஏற்றினாள். ஒரு துணிக்குக் கீழே 'வெயில் விழும் அறைக்கு இது வேண்டாம், வெளுத்துவிடும்' என்று எழுதி மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இந்த மென்பொருளோடு மாதிரிப் படங்களும் வரும். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். யார் பெற்ற பெண்ணோ. அந்த இடத்தில் கடைக்காரர்கள் படம் வரவேண்டும். அக்கா தலைவாரி, நல்ல உடை உடுத்தி வந்து என்னை எடுக்கச் சொன்னாள். படம் அவளுக்குப் பிடித்திருந்தது. என் போனை வாங்கி வாங்கிப் பார்த்தாள்.

மாமாவும் பார்த்தார். "அந்தப் பொண்ணே இருக்கட்டும், கடைக்கு ஒரு களையா இருக்கு. உன் மூஞ்சியப் பார்த்தா கர்ட்டன் வாங்கவா தோணும்? இருக்கிறத இழுத்து மூடத்தான் தோணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அவரை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது.

"மாமா, அது வெறும் மாதிரிப் படம்."

"யாருக்குடா தெரியப்போவுது?"

அக்கா நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினாள். அந்தப் பெண்ணுக்குக் கீழே 'நிறுவனர்' என்று தானே தட்டி, தானே வெளியிட்டாள்.

ஆர்டர்கள் வந்தன. வெப்சைட்டில் வரும் கேள்விகளுக்கெல்லாம் அக்காதான் பதில் எழுதினாள். ஒருநாள் விடுதி நடத்தும் அம்மாள் ஒருவர் நேரிலேயே வந்தார். நான் அப்போது பிரிண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம் இல்லையா? கேட்டதுக்கெல்லாம் அவ்வளவு பொறுமையா எழுதினாங்களே."

"வெளியூர் போயிருக்காங்க" என்றார் மாமா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். டேப்பும் கையுமாக நின்ற அக்காவிடம், "அவங்களுக்குத் தண்ணி கொண்டா" என்றார்.

அக்கா தண்ணீர் கொடுத்தாள். துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, எந்த அறைக்கு எது தாங்கும் என்று சொன்னாள். அந்தம்மாள் கிளம்பும்போது, "இங்க ரொம்ப நாளா வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

"கடை தொறந்ததுலேருந்து."

"உங்க மேடம் குடுத்து வச்சவங்க" என்று அக்காவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மாமா சாப்பிடப் போனதும் சொன்னேன்: "பாஸ்வேர்டு உன்கிட்டதானக்கா இருக்கு. உன் படத்தப் போடு."

"அவரக் கேக்காம போட்டுட்டு, அப்புறம் வீட்டுல யாரு பேச்சு வாங்கறது?" என்றாள்.

மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டைக்காரி அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே அக்கா புதிதாக ஓர் இடம் சேர்த்து, தன் பெயரைப் போட்டு, 'தையல் வேலை' என்று எழுதியிருந்தாள். படம் வைக்கவில்லை. படமில்லாதவர்களுக்கு மென்பொருள் தானாகவே காட்டும் சாம்பல் நிறத் தலையும் தோளும் மட்டும் இருந்தன.

மாமா குதிப்பார் என்று நினைத்தேன்.

"பரவால்லையே, நாம ஆள் வச்சு கடை நடத்தறோம்னு தெரியுது. நல்ல வேலை பண்ணியிருக்க" என்றார்.

அவர் அவளைப் பாராட்டி நான் அன்றுதான் கேட்டேன். அக்காவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை.