புள்ளி இல்லாத இடத்தில் புள்ளி

ஜொகூர் பாருவில் எங்களுக்குச் சின்னதாக ஓர் அச்சுக்கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், காரிய அட்டை, இவைதான் வேலை. என் கணவர் பின்னறையில் மெஷினைப் பார்த்துக்கொள்வார். முன்னால் கணினியில் உட்கார்ந்து தமிழ் தட்டுவது நான். அந்தக் கணினியில் இன்றைக்கும் பழைய விண்டோஸ்தான் ஓடுகிறது. எங்களிடமுள்ள எழுத்துருக்களைப் புதிய கணினியில் ஏற்றினால் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. அதனால் பழையதையே விடாமல் வைத்திருக்கிறோம்.

போன வருடம் அதன் டிஸ்பிளே கார்டு கெட்டுப்போய் வேறொன்று மாட்டினோம். அதிலிருந்து திரை சரியில்லை. ஒரு பெட்டியை நகர்த்தினால் அதன் தடம் பின்னாலேயே வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தது. மூடிய மெனு மூடின இடத்திலேயே நிழலாக நின்றது. கூடவே எழுத்துகளின் தலையில் கறுப்புப் புள்ளிகள் தோன்ற ஆரம்பித்தன. 'மகன்' என்று அடித்தால் ககரத்துக்கு மேலே ஒரு புள்ளி. அழிக்கப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. இரண்டு எழுத்து தள்ளி வேறொன்றின் தலையில் உட்கார்ந்திருக்கும்.

டிஸ்பிளே செட்டிங்கில் உள்ளே உள்ளே போனால் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் என்று ஒன்று வரும். திரையில் படம் வரைகிற வேலையில் எவ்வளவைக் கார்டிடம் விடுவது என்பதைக் கூட்டிக் குறைக்கிற இடம் அது. நான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். திரை ஒருமுறை முழுக்கக் கறுத்துவிட்டுத் திரும்பி வந்தது. பெட்டியை நகர்த்திப் பார்த்தேன், தடம் இல்லை. மெனுவின் நிழலும் போயிருந்தது.

"சரியாயிடுச்சுங்க!" என்று பின்னறைக்குக் கத்தினேன்.

ஆனால் புள்ளிகள் போகவில்லை. சாயங்காலத்துக்குள் பத்திரிகையின் ஓரக்கோடு ஓரிடத்தில் வளைந்து தெரிந்தது. திரையின் வலது கீழ் மூலை இருண்டிருந்தது, அழுக்குத் துணியை அங்கே மாட்டிவைத்த மாதிரி. துடைத்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். கார்டின் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். இருட்டு அசையவில்லை.

மறுநாள் எங்கள் வரிசையில் கணினி பழுதுபார்க்கும் சீனரைக் கூப்பிட்டேன். அவர் தன் கடையிலிருந்து வேறொரு மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினார். அதிலும் கோடு வளைந்துதான் இருந்தது. மூலையிலிருந்த இருட்டு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

"லுருஸ் லா, காக்," என்றார் அவர். நேராகத்தான் இருக்கிறது அக்கா என்று மலாயில் சொல்கிறார். ஓர் அட்டையைக் கோட்டின்மேல் வைத்துக் காட்டினார். அட்டையின் விளிம்பும் கோட்டோடு சேர்ந்து வளைந்தது. அட்டைதான் கோணல் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மானிட்டரை விட்டுவிட்டே போனார்.

அன்று மதியம் ஒருவர் வந்தார். மனைவியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடிக்கக் கொடுத்திருந்தவர். அச்சுக்குப் போகுமுன் பார்த்துவிட வேண்டும் என்றார். நான் அந்த அம்மாவின் படத்தைத் திரையில் திறந்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தில் ஒரு பக்கம் கீழே இழுத்துக்கொண்டு, வாய் தாடையோடு சரிந்து கிடந்தது. ஒரு கண்ணைக் காணவில்லை. இதை எப்படி இந்த மனிதருக்குக் காட்டுவது என்று மூடப் போனேன். அதற்குள் அவர் குனிந்துவிட்டார்.

"அவ அப்படியே இருக்கா, அக்கா," என்றார். குரல் உடைந்தது. "சிரிக்கிற மாதிரியே இருக்கு."

அவர் அழுதுகொண்டிருந்தார். என் கை மௌஸிலிருந்து தானாக விலகியது.

அவர் போனதும் எழுந்து வாசலுக்குப் போனேன். கடையின் இரும்புக் கிரில் கம்பிகள் நடுவில் நெளிந்திருந்தன. எதிர்க்கடைப் பலகையில் கீழ்ப்பாதி இல்லை. எனக்கு வலது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பல் கண். படிப்பது, தட்டுவது எல்லாம் இடது கண்ணால்தான். இடது கண்ணைக் கையால் மூடினேன். கம்பிகள் மங்கலாக, ஆனால் நேராக நின்றன. கையை எடுத்தேன். நெளிந்தன.

"என்னாங்க," என்றேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

மை படிந்த கையோடு வந்தார். "இந்தக் கம்பி நேராவா இருக்கு?" என்று கேட்டேன்.

"நேராதான் இருக்கு. ஏன்மா?"

சொன்னேன். அவர் கையைக்கூடக் கழுவாமல் கார்ச் சாவியைத் தேடினார்.

மருத்துவமனையில் தமிழ் டாக்டர் ஒருவர்தான் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

"கம்ப்யூட்டர்லதான் பிரச்னைன்னு நெனச்சேன், டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. விழித்திரை கிழிந்து கண்ணின் உள்சுவரிலிருந்து பிரிந்துகொண்டிருக்கிறது, பார்வையின் நடுப்பகுதியைத் தொட்டுவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டாம் என்றார். என்னைப் போல் அதிகப் பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது வருவதுண்டாம். நான் பார்த்த புள்ளிகள் கண்ணுக்குள்ளேயே மிதந்தவை.

அறுவை முடிந்து கண்ணுக்குள் வாயு நிரப்பி, குப்புறப் படுக்கச் சொன்னார்கள். தலையணையின் ஓரத்தில் நெற்றியை வைத்து, தரையைத் தவிர எதையும் பாராமல் கிடந்தேன். இடது கண் திறந்தால் என்ன தெரியும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கணவர் கடையிலிருந்து போன் போடுவார். ஒற்றை விரலால் அந்தக் காரிய அட்டையை முடித்துக்கொண்டிருந்தார்.

"'ஞா'வுக்கு எதை அமுக்கணும்?"

சொல்வேன். விரல்கள் மெத்தையின்மேல் தானாக அந்த விசைக்குப் போகும். படம் எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை.

பார்வை திரும்பியது, முழுசாக இல்லை. கோடுகள் இன்னும் லேசாக நடுங்கும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு தட்டுகிறேன். கடைசியாகப் போனபோது டாக்டர் வலது கண்ணையும் நெடுநேரம் பார்த்தார். அதிலும் ஓரிடம் மெலிந்திருக்கிறது என்று லேசர் வைத்தார். திடீரென்று வெளிச்சம் குறைந்தால் உடனே வரச் சொன்னார்.

நேற்று வேலை செய்துகொண்டிருக்கும்போதே கடை இருட்டியது. கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"வெளிய இருட்டுதாங்க?" என்று கேட்டேன்.

மெஷின் நின்றது. செருப்புச் சத்தம் வாசல்வரை போயிற்று.

"ஆமாம்மா," என்றார். "மழை வருது."