பேச்சியக்கா பூசிய மஞ்சள்

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "அத்த போயிட்டாங்கக்கா, பதுளை ஆஸ்பத்திரியில" என்று பேச்சியக்காவின் மருமகள் வாசலில் நின்று சொன்னாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. அக்காவின் குரல் கேட்காமல் எனக்கு விடிந்ததே இல்லை.

நமுனுகுலப் பக்கம் எங்கள் தோட்டத்தின் மேல்மலையில், தேயிலைக்கு நடுவே ஒரு கறையான் புற்று இருக்கிறது. ஐப்பசியில் நாலு இடி இடித்தால் அதைச் சுற்றிக் காளான் முளைத்துவிடும். அக்கா வைத்த குழம்பைச் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு, தேங்காய்ப்பால் விட்டு இறக்குவார். காம்பு கோழிக்கறி மாதிரி நார்நாராகப் பிரியும். ரொட்டிக்குத் தொட்டுச் சாப்பிட்டால் வயிறு நிறைந்தாலும் கை நிற்காது. "கறி வாங்க வக்கில்லாத மாசத்துல நம்ம புள்ளைங்களுக்குச் சத்து இதுதான்டி" என்பார். வேறு எங்காவது பறித்த காளானைக் கொண்டு போனால் திட்டு விழும். "கூடப் போட்டு வேகவச்ச பூண்டு கறுக்கல, நல்ல காளான்தான்னு எவளாவது சொன்னா நம்பாத. தெரியாததத் தொடாத."

அந்த மலையில் புல் சாக மருந்து அடிக்கப்போகிறார்கள், பட்டால் காளானும் போய்விடும் என்று தெரிந்ததும் அக்கா, வேலையை மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளையிடம் போனார். "ஒரு புத்துக்காக வேலைய நிப்பாட்டவா?" என்று அவர் சிரித்தார். அன்று சாயங்காலமே அக்கா யாருக்கும் தெரியாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போய், புற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டினார். "இனி எவன் அடிக்கிறான்னு பாப்போம்" என்றார். மறுநாள் மருந்து டாங்கியோடு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, அந்தப் பக்கத்தையே விட்டுப் போனார்கள்.

வினை அதற்குப் பிறகுதான். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் பாலும் முட்டையும் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஐப்பசியில் காளான் குடைகுடையாக நின்றது. அம்மன் சொத்து என்று ஒருத்தரும் கை வைக்கவில்லை. அக்காவுக்கே பறிக்க வழியில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவர் முறைத்தார். ஒரு நாள் விட்டாலும் காளான் புழுத்துவிடுமே. அன்றைக்கே எல்லோரும் பார்க்கப் பறித்து, குழம்பு வைத்து, "பிரசாதம், வாங்கிக்கங்க" என்று வீடு வீடாகக் கொடுத்தார். அதிலிருந்து வருடா வருடம் எல்லா வீட்டுக்கும் ஓர் அகப்பை வந்துவிடும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அம்மன்தான் அந்தப் புற்றைக் காப்பாற்றினாள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. காப்பாற்றியது பேச்சியக்கா. அந்தப் பெயரை அம்மனுக்குக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.

எழுதியாகிவிட்டது. இனி மஞ்சளைப் பார்த்து யாரும் ஒதுங்க மாட்டார்கள். கணக்குப்பிள்ளையும் இதைப் படிப்பார், படிக்கட்டும். அக்காவின் குழம்புச் சட்டியை மருமகளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவருடைய பிடிவாதத்தை யாரிடமும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். மருந்து டாங்கியோடு மேல்மலைக்கு வருகிறவர்கள் வரலாம். புற்றுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன்.