என் வயிற்றில் போட்ட கோடு

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் இவர்கள். அப்பா, கொத்தனார், கையில் சிமென்ட் காயாமல் வேலையிலிருந்து அப்படியே வந்தவர். அம்மா, என் காலைப் பிடித்துக்கொண்டு. அத்தை, அப்பாவின் தங்கை, திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் வாடகை வீட்டிலேயே இருந்தவள். டாக்டரம்மா, சின்ன வயது, மலையாளத்தை வளைத்துத் தமிழாகப் பேசுகிறவர். கட்டிலின் மேல் நான். எனக்குப் பத்து வயது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முந்தின நாள் தொப்புளைச் சுற்றி வலித்தது. அத்தை ஓமத் தண்ணீர் கொடுத்தாள். விடிந்தபோது வலி வலப்பக்கம் இறங்கியிருந்தது. வாந்தி. நிமிர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

எப்படி எடுப்பது என்பதில்தான் சண்டை.

டாக்டரம்மா பேனாவை எடுத்து என் வயிற்றிலேயே வரைந்து காட்டினார். வலப்பக்கம் கீழே சாய்வாக ஒரு கோடு.

"இது திறந்து செய்யிறது."

பிறகு தொப்புளில் ஒரு புள்ளி, அதற்குக் கீழே ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

"இது சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு செய்யிறது. ரெண்டிலும் எடுக்கிற சாதனம் ஒண்ணுதான், குடல்வால். ஓட்டையானா வேதனை குறைவு, வேகம் வீட்டுக்குப் போகலாம். பக்ஷே அது செய்யிற சார் நாளைக்குத்தான் வரும். அதுக்குள்ள பொட்டினா கஷ்டமாக்கும்."

பொட்டுவது என்றால் வெடிப்பது. இத்தனை வருஷம் திருவனந்தபுரத்தில் இருந்த எங்களுக்கு அது யாரும் சொல்லாமலே தெரியும்.

"தொறந்தே எடுங்க," என்றார் அப்பா. "செவத்துக்குள்ள பைப்பு ஒழுகுனா தொறந்து பாத்துத்தான் சரி பண்ணணும். ஓட்டை வழியா கம்பிய விட்டுக் குத்துனா பக்கத்துப் பைப்பும் போயிரும்."

"அண்ணாச்சி, கேமரா உண்டல்லோ. உள்ள எல்லாம் டிவியில நல்லா காணும்."

"டிவியப் பாத்துக்கிட்டு நான் செவரு பூசுவேனா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான்.

அத்தை விடவில்லை. "பொம்பளப் பிள்ளை அண்ணே. வயித்துல கோடு விழுந்தா நாளைக்கு எவன் கட்டுவான்? ஒரு ராத்திரிதான, பொறுப்போம். புள்ளியே வைக்கட்டும்."

"பொட்டிச்சுன்னா?" என்றாள் அம்மா.

"பொட்டாது மைனி."

"நீ உள்ள போய்ப் பாத்தியா?"

நாலு பேரும் என் வயிற்றையே பார்த்துக்கொண்டு பேசினார்கள். மார்க்கெட்டில் மீன் வாங்க நிற்கிறவர்கள் மாதிரி. மீனுக்குத்தான் வலி.

"நாளைக்கு வரைக்கும் இப்படித்தான் வலிக்குமா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். "மருந்து தரும் மோளே. ஆனாலும் கொஞ்சம் வலிக்கும்."

நான் விரலில் எச்சில் தொட்டு மூன்று புள்ளிகளையும் அழித்தேன். கோட்டைத் தொடவில்லை.

"எவனும் கட்டாண்டாம்," என்றேன்.

அத்தை என் கையில் ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தக் கையையே பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

நான்தான் முடிவு செய்தேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பேனாவை எடுப்பதற்கு முன்னமே ஆபரேஷன் தியேட்டரில் அன்றைக்கே திறப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள் என்று பின்னால் அம்மா சொன்னாள். நாளை வரைக்கும் வைத்திருக்க டாக்டரம்மாவுக்கு மனசில்லை. இவர்கள் ஒத்துக்கொள்ளட்டும் என்றுதான் நின்றிருக்கிறார். இருக்கட்டும். அழித்தது என் விரல்.

வெடிக்கிற பருவத்தில் இருந்தது என்றார்கள். "தொறந்ததாலதான் தெரிஞ்சுது," என்றார் அப்பா. "கேமராவிலயும் தெரியும் அண்ணாச்சி," என்றார் டாக்டரம்மா. அப்பா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பக்கத்துக் கட்டிலுக்கு என் வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்கும் குடல்வால்தான். மறுநாள் வந்த சார் அவளுக்கு ஓட்டை போட்டு எடுத்தார். எனக்குப் பின்னால் வந்தவள் எனக்கு முன்னால் எழுந்து நடந்தாள். என் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "நினக்கு ஸிப் வெச்சல்லோ," என்று சிரித்தாள்.

"உன்ன எறும்பு கடிச்சிருக்கு," என்றேன்.

இருமினால் நான் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். அவள் பிடிக்கவில்லை. அவளுடையதுதான் நல்லது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை பார்க்கிறாள் என்பதற்காக நான் கூனாமல் நடந்தேன். நடக்கும்போது உயிர் போகும். ஆனாலும் கூனவில்லை.

அந்தக் கோட்டை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே முதலில் சொன்னேன். ஒரு வீட்டார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். போகட்டும். அடுத்து வந்தவர், "வலிச்சுதா?" என்று கேட்டார். அவரைக் கட்டினேன்.

அத்தையைப் பற்றித்தான் இன்னும் சொல்ல வேண்டும். அத்தை என்றால் அண்ணன் வீட்டில்தான் இருப்பாள் என்று நினைத்திருந்த வயது அது. கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண் தனக்கு வேண்டாம் என்று புருஷன் அவளை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுப் போனது அப்போது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை.

தையல் பிரித்த அன்று சாயங்காலம் அத்தைதான் துணியை நனைத்து எனக்கு உடம்பு துடைத்துவிட்டாள். நான் கோட்டைத் தடவிக் காட்டி, "பாத்தியா, ஒண்ணும் ஆவல," என்று பெருமை பேசினேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, சேலையைக் கொஞ்சம் இறக்கினாள். தொப்புளிலிருந்து நேராகக் கீழே, தடித்து, கறுத்து ஒரு கோடு. இரண்டு பக்கமும் தையல் போட்ட தடம்.

"இதும் குடல்வாலா அத்தை?"

"இல்ல மக்ளே. இது வேற."

எனக்கு அது போட்டியாகத்தான் பட்டது. என்னுடையதில் தையல் ஆறு. அவளுடையதை விரல் வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, எண்ணி முடிக்கிறவரை அசையாமல் நின்றாள்.

பத்தொன்பது.