சிட்ரோனா, பெஜோவா

எங்கள் மாமாவை வீட்டில் 'பைலட்' என்றுதான் சொல்வோம். விமானத்தை அவர் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. ஒரு கம்பெனி முதலாளிக்கு முப்பத்தொரு வருடம் கார் ஓட்டியவர். முதலாளி ஓரங்கட்டிய இரண்டு பிரெஞ்சு கார்களையும் கேட்டு வாங்கி, வாடகை ஷெட் ஒன்றில் வைத்துச் சீராட்டினார். ஒன்று சிட்ரோன் சிஎக்ஸ், இன்னொன்று பெஜோ 604.

ஷெட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மனிதர் ஆடிப்போனார். வீட்டு வாசலில் ஒரு காருக்குத்தான் இடம். பழைய கார்களைச் சேகரிக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, மாமா எதைக் காட்டுகிறாரோ அதை எடுத்துப் போவதாக ஏற்பாடு.

அந்த வாரம் முழுக்க மாமா மதில் மேல் பூனை. காலையில் போன் செய்வார். "சிட்ரோன் மாதிரி வருமாடா? ஸ்டார்ட் பண்ணினா, தரையில படுத்திருக்கறது மெதுவா எழுந்து நிக்கும். பள்ளத்துல விட்டாலும் பள்ளம் தெரியாது."

மத்தியானம் மறுபடி போன். "இல்லடா, பெஜோதான். ஆறு சிலிண்டர். எவ்வளவு திருப்பறோமோ அவ்வளவுதான் திரும்பும். வம்பே கிடையாது."

மெக்கானிக்கைக் கேட்டார், பக்கத்து வீட்டுப் பல் டாக்டரையும் விடவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஸ்கூட்டர் ஓட்டும் எனக்கே தலை சுற்றியது.

சனிக்கிழமைதான் ஒரு வழியாக முடிவுக்கு வந்தார். "சிட்ரோன்தான்டா பெரிய மனுஷங்க கார். பின் சீட்டுல இருக்கறவங்களுக்காகச் செஞ்சது. உங்க அத்தை சிட்ரோன்ல ஏறினா பத்தாவது நிமிஷம் கண்ணை மூடிடுவா. பெஜோல கடைசி வரைக்கும் முழிச்சுட்டே வருவா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அத்தைக்கு எப்போதும் பின் சீட்டுதான். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் மாமாவுக்கு ஓட்ட வராது. அது முதலாளியின் ஃபைல் வைக்கும் இடம். மனைவி முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே அவர் பாதிக் குடும்பம் நடத்திவிட்டார்.

ஞாயிறு காலை நான் போனபோது இரண்டு கார்களும் வீட்டுக்கு முன்னால் தெருவில் நின்றன. கார் எடுக்க வந்தவரிடம் மாமா பெஜோ சாவியை நீட்டப் போனபோது அத்தை வெளியே வந்தார்.

"இதையா குடுக்கறீங்க?"

"ஆமா. உனக்குத்தான் சிட்ரோன்ல நல்லா தூக்கம் வருதே."

"தூக்கமா? அது மிதந்து மிதந்து போறதுல எனக்குக் குமட்டும். கண்ணை மூடிக்கிட்டா கொஞ்சம் அடங்கும். அதான்."

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இத்தனை வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நடுவுல கண்ணைத் திறந்தா, கண்ணாடில என்னைப் பார்த்து பெருமையா சிரிச்சுட்டே ஓட்டுவீங்க. அதை எப்படிக் கெடுக்கறது?"

மாமா இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது. பெஜோ சாவி பாக்கெட்டுக்குள் போயிற்று. சிட்ரோன் சாவி கைக்கு வந்தது. வந்தவர் கையை நீட்டியபடி நின்றார். மாமா அவரைப் பார்க்கவில்லை.

"வேற என்னெல்லாம் இப்படிச் சொல்லாம வச்சிருக்க?"

"முதல்ல அவருக்குச் சாவியைக் குடுங்க," என்றார் அத்தை.